மாயமாய் மறைந்தவனுக்குக் கண் தெரியாது

மாயமாய் மறைந்துபோகிறவனுக்குக் கண் தெரியாது. கதை எழுதுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. மருந்தைக் குடித்ததும் அவன் உடம்பு கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது, வெளிச்சம் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடுகிறது, அதனால் யார் கண்ணுக்கும் அவன் தெரிவதில்லை என்கிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் நாம் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வெளிச்சம் நம் கண்ணுக்குள் வந்து விழித்திரையில் தங்க வேண்டும். அவன் கண்ணில் எதுவும் தங்காது. அரண்மனைக்குள் நுழைந்ததும் முதல் தூணில் முட்டிக்கொண்டு விழுவான். பார்த்தே தீருவேன் என்றால் விழித்திரை இரண்டையும் மட்டும் மறைக்காமல் விட வேண்டும். அப்போது காற்றில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் மிதந்து வரும். காவல்காரன் என்னமோ ஏதோ என்று ஈட்டியால் குத்திவிடுவான்.

இந்தக் கணக்கை நான் முதலில் சொன்னது உசிலம்பட்டியிடம். ஊரைச் சொல்லவில்லை, ஆளைச் சொல்கிறேன். எழுபதுகளின் பிற்பாதியில் மதுரைத் தொலைபேசி நிலையத்தில் நான் டிரங்க் ஆபரேட்டராக இருந்தேன். வெளியூருக்குப் பேச வேண்டியவர்கள் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். நாங்கள் அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு இணைத்துக் கொடுப்போம். ஆபரேட்டர்கள் லைனில் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. ஊர்ப் பெயர்தான். "திண்டுக்கல், ரெண்டு நிமிஷம் பொறுங்க", "விருதுநகர், உங்க பார்ட்டி வெச்சிட்டுப் போயிட்டாரு" என்றே எங்கள் பேச்சு ஓடும். நான் மதுரை. அவர் உசிலம்பட்டி.

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள் நான். மேலே படிக்க இருந்த வருஷம் அப்பா போய்விட்டார், அம்மா அதற்கு முன்பே. அண்ணன் வடக்கே வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார். கல்யாணப் பேச்சு எடுக்க யாரும் இல்லாததால் அதுவும் நடக்கவில்லை. விளாங்குடியில் ஒரு வீட்டு மாடியறையில் இருந்தேன். டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போவேன், டவுன் பஸ்ஸில் திரும்புவேன். நாள் முழுக்க ஊரெல்லாம் பேசுவது என் காதில் விழும், அதில் ஒரு வார்த்தையும் எனக்கு இல்லை. அறைக்கு வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தால் அதன் சத்தம்தான் துணை. அதைத் தனிமை என்று அப்போது சொல்லியிருக்க மாட்டேன், அலுப்பு என்று சொல்லியிருப்பேன்.

சிம்மக்கல்லில் ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. மாயாஜாலக் கதைகள் அங்கே கட்டுக் கட்டாகக் கிடைக்கும். பறக்கிறவன், மறைகிறவன், மலையைத் தூக்குகிறவன், ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த மந்திரவாதி. ரசித்துப் படித்தேன் என்று சொல்ல முடியாது, சண்டை போட்டுக்கொண்டு படித்தேன். பத்து மடங்கு உயரமான அரக்கனுக்கு எடை ஆயிரம் மடங்கு, ஆனால் கால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நூறு மடங்குதான். எழுந்து நின்றதும் முட்டி நொறுங்கிவிடும், அவனை வெல்ல இளவரசன் எதற்கு? எனக்கு இந்த மாதிரி ஆத்திரங்கள் உண்டு.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இணைப்புப் போர்டில் அழைப்பு குறைந்துவிடும். அந்த நேரத்தில் லைன் ஒழுங்காக இருக்கிறதா என்று அவ்வப்போது சோதித்துக்கொள்வது வழக்கம். உசிலம்பட்டி சின்ன நிலையம். ஒரே போர்டு, பகலில் அந்தப் பெண் ஒருவர்தான் ஆள்.

"மதுரை, கேக்குதா?"

"கேக்குது உசிலம்பட்டி."

அவ்வளவுதான் சோதனை. ஒருநாள் மடியில் கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பேசும் கீயை மூட மறந்து, மறைந்துபோகிறவனை வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மதுரை, யாரை இந்தத் திட்டு திட்டுறீக?"

பயந்துபோய்ப் பின்னால் சூப்பர்வைசர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். வெளிச்சம், விழித்திரை, தூண், ஈட்டி எல்லாம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்.

"அப்ப மறைஞ்சிருக்கவுக யாரையும் பாக்க முடியாதா?"

"முடியாதுங்க. நாம பாக்கணும்னா, பிறத்தியாரும் நம்மளைப் பாக்கத்தான் செய்வாங்க. வெளிச்சத்தோட சட்டம் அது."

"அது நல்லால்லையே" என்றார்.

அன்றிலிருந்து மத்தியானங்கள் எங்களுடையவை ஆயின. அவரும் வாரப் பத்திரிகையில் வந்த மாயாஜாலத் தொடரைப் படித்துக்கொண்டிருந்தார். கேள்விகள் அவரிடமிருந்து வரும், அடுத்த நாளைக்குள் நான் யோசித்து வைப்பேன். "சொன்ன வேலையெல்லாம் செய்யிற பூதத்துக்குச் சோறு யாரு போடுவா?" என்றார் ஒருமுறை. ஒரே ராத்திரியில் கோட்டை கட்டுகிற பூதத்துக்கு எத்தனை மூட்டை அரிசி வேண்டும் என்று விளாங்குடி பஸ்ஸில் நின்றுகொண்டே கணக்குப் போட்டேன். தீப்பெட்டிக்குள் அடங்கும்படி சுருங்குகிறவனின் எடை எங்கே போகிறது என்றார். எங்கேயும் போகாது, தீப்பெட்டியை யாரும் தூக்க முடியாது, மேஜை ஓட்டையாகும் என்றேன். பிறர் மனதில் நினைப்பதெல்லாம் கேட்கும் வரம் நல்ல வரமா என்றார். இதற்கு பிசிக்ஸ் தேவைப்படவில்லை. "போர்டுல அம்புட்டு கீயையும் ஒரே நேரத்துல திறந்து வெச்சா என்ன கேக்கும்?" என்றேன். "இரைச்சல்" என்றார். "அதுதான் வரம்" என்றேன்.

அந்தச் சமயம் நூலகத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. செய்தியை அளப்பது பற்றியது. அரிசியை அளக்கிற மாதிரி செய்தியையும் அளக்கலாம் என்றது. எவ்வளவு எதிர்பாராததோ அவ்வளவு செய்தி. சித்திரை மாதம் மதுரையில் வெயில் என்று யாராவது டிரங்க் கால் போட்டுச் சொன்னால் அதில் செய்தி ஒன்றுமே இல்லை, காசுக்குத் தண்டம். ஆமாவா இல்லையா என்று சரிபாதி சந்தேகத்தில் இருக்கும்போது கிடைக்கும் ஒற்றைப் பதிலை அது ஒரு பிட் என்றது. உலகத்துச் செய்தி எல்லாவற்றையும் இப்படி ஆமா, இல்லை என்று உடைத்துவிடலாமாம். எனக்குப் பெரிய சந்தோஷம். மறுநாளே உசிலம்பட்டியிடம் ஒப்பித்தேன்.

அவர் உடனே கிளிக்குப் போனார். "ஏழு கடலுக்கு அங்கிட்டுக் கிளி காலை ஒடிச்சா, இங்க இவன் காலு ஒடியுதே. யாரு டிரங்க் கால் போட்டுச் சொல்றது?"

நல்ல கேள்வி. ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள் சொன்னேன்: கிளிக்கும் மந்திரவாதிக்கும் நடுவில் ஒரு லைன் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். கிளி ஓயாமல் அதில் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கும். இருக்கேன், இருக்கேன், இருக்கேன். அது எதிர்பார்த்ததுதான் என்பதால் கணக்குப்படி அதில் செய்தி கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆனால் ஒருமுறை வராமல் போனால் மந்திரவாதி செத்துவிழுவான்.

"நம்ம லைன் டெஸ்ட் மாதிரி" என்றார் உசிலம்பட்டி.

"ஆமா."

"ஒண்ணுமில்லாத சேதிக்குத்தான் உசுரு இருக்குங்கிறீக."

புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரிந்தது. காலையில் எழுந்ததும் என் மனம் மத்தியானத்தை நினைக்கும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, ஞாயிற்றுக்கிழமையை எனக்குப் பிடிக்காது.

இப்படி நாலைந்து வருஷம் போயிற்று. அவர் எப்படி இருப்பார் என்று நான் ஒரு முகம் வரைந்து வைத்திருந்தேன். என் வயது, என்னைப் போலவே கல்யாணமாகாதவர், ரெட்டைச் சடை போட்ட காலத்துச் சிரிப்பு இன்னும் போகாதவர். வீட்டைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் பேசியதில்லை, பேச என்ன இருந்தது. எண்பதுகள் பிறந்த பிறகு ஒருநாள் அவர் சாதாரணமாகச் சொன்னார், உசிலம்பட்டி நிலையத்துக்குத் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வருகிறது. இனி மதுரையில் இருப்பவர்கள் தாங்களே எண்ணைச் சுழற்றிப் பேசிக்கொள்வார்கள். போர்டு எடுத்துவிடுவார்கள். அவருக்கு வேறு ஊரில் ரசீது போடும் பிரிவில் வேலை.

"ரசீதுக்குக் காது எதுக்கு? ஹெட்போனை வாங்கிக்கிருவாக" என்றார்.

என்னிடம் பேச இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒருவர்தான். அதைத் தெளிவாக உணர்ந்ததே அப்போதுதான். "நாம ஒருதரம் நேர்ல பாத்துருவோம்" என்றேன். அவர் இரண்டு அழைப்புகளை இணைத்துவிட்டு வந்து, "சரி, ஞாயித்துக்கெழமை வாரேன்" என்றார். மதுரை பஸ் ஸ்டாண்டில், உசிலம்பட்டி பஸ் வந்து நிற்கும் இடத்தில், காலை பத்து மணிக்கு.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது? மல்லிகைப்பூ வைத்து வருகிறேன் என்றால் மதுரையில் அதில் செய்தியே இல்லை, பஸ் ஸ்டாண்டே மல்லிகை வைத்திருக்கும். குடையும் அப்படித்தான். யார் கையிலும் இல்லாத ஒன்றாக இருக்க வேண்டும். கிளிக் கூண்டு என்று முடிவு செய்தேன், உள்ளே கிளி இல்லாமல். அவர் என்ன கொண்டுவருவார் என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் கொண்டாரல. கூண்டைப் பாத்தா நானே வந்து 'மதுரை'ன்னு கூப்பிடுறேன்."

ஒருவர் அடையாளம் காட்டினால் போதும், இரண்டு பேரும் காட்டுவது வீண் என்று என் கணக்கும் சொன்னது. ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சிம்மக்கல்லில் கம்பிக் கூண்டு ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பத்துக்கு வெகு முன்பே போய் நின்றேன். மாம்பழ நிறத்தில் புதுச் சேலை, கையில் காலிக் கூண்டு. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோருக்கும் நான்தான் வேடிக்கை. "என்ன தாயி, கிளி பறந்துருச்சா?" என்றார் ஒரு பெரியவர். "அண்ணே, அக்காட்ட சீட்டு எடுத்துப் பாப்பமா?" என்றான் ஒருவன். கிளி ஜோசியக்காரி என்று நினைத்து ஒரு அம்மா உண்மையாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கண்டக்டர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். "உசிலம்பட்டி, உசிலம்பட்டி, உசிலம்பட்டி." ஒவ்வொரு முறையும் நான் சட்டென்று திரும்பினேன். அது பஸ் போகிற ஊர் என்று புத்திக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருஷமாக என் காதுக்கு அது ஒருவரின் பெயர். யாரோ அவரைக் கூப்பிடுகிறார்கள், அவர் எங்கோ பக்கத்தில் இருக்கிறார் என்றே திரும்பத் திரும்பத் தோன்றியது. கத்துகிறவர் குரலை நோக்கிக் கூண்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். இறங்கிய பெண்கள் முகத்தையெல்லாம் பார்த்தேன். யாரும் என்னை மதுரை என்று கூப்பிடவில்லை. வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. மூன்று மணி வாக்கில் விளாங்குடி பஸ் ஏறினேன். "கிளி வளக்கப் போறியாத்தா?" என்றார் வீட்டுக்காரம்மா. ஆமாம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய் அழுதேன்.

திங்கட்கிழமை மத்தியானம் லைனில் அவர் குரல் வந்தது.

"மதுரை, கேக்குதா?"

"கேக்குது." அதற்கு மேல் பேசுவதாக இல்லை நான்.

"மாம்பழக் கலர் சேலை உங்களுக்கு நல்லா இருந்துச்சு" என்றார்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"வந்தேங்க. ஒம்பதரைக்கே வந்துட்டேன். உங்களுக்கு நாலு ஆள் தள்ளித்தான் நின்னேன். வாயைத் தொறந்தா குரல்ல தெரிஞ்சுரும்னு தண்ணிகூட கேட்டு வாங்கிக் குடிக்கல. உசிலம்பட்டி உசிலம்பட்டின்னு கண்டக்டர் கூப்பிடக் கூப்பிட நீங்க திரும்பித் திரும்பிப் பாத்தீக. என்னைய இதுவரைக்கும் யாரும் அப்பிடித் தேடுனதில்ல."

"பிறகு ஏங்க வரலை?" கோபமாகத்தான் கேட்டேன்.

"எனக்கு இந்த வேலை எங்க வீட்டுக்காரரு போனதுக்கு அப்புறம் கெடச்சது. அவரு லைன்மேனா இருந்தாரு. எனக்கு அப்ப இருவத்தி மூணு வயசு. அன்னையிலருந்து என் நெத்தியப் பாக்குற அம்புட்டுப் பேருக்கும் குரல் மாறிரும். பஸ் கண்டக்டருக்கு, மளிகைக் கடைக்காரருக்கு, கூடப் படிச்சவளுக்கு. நாள் பூராம் குரல் கேட்டே பொழைக்கிறவளுக்குத் தெரியாதா? உங்க ஒருத்தர் குரல்தான் மாறாமயே இருந்துச்சு. அது அப்பிடியே இருக்கட்டும்னு பஸ் ஏறிட்டேன்."

இருக்கிறதா, இல்லையா. நெற்றிப் பொட்டு ஒரு பிட்தான். புத்தகத்தில் அதைவிடச் சின்ன அளவே கிடையாது. நான் அந்தப் பஸ் ஸ்டாண்டை நினைத்துப் பார்த்தேன். இறங்கிய முகங்களில் என்னைப் போன்ற ஒருத்தியைத் தேடினேன். பொட்டில்லாத நெற்றிகளின் மேல் என் கண் நிற்காமல் போயிருக்கிறது. வெளிச்சம் அவர்மீது பட்டது, என் கண்ணுக்குள்ளும் வந்தது, ஆனால் நான் பார்க்கவில்லை. அவரோ என்னை ஆசை தீரப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மறைந்திருப்பவருக்குக் கண் தெரியாது என்ற என் கணக்கு தப்பு. மனிதர்களை மறைக்க மருந்தும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. என் குரல் ஏங்க மாறப் போகுது?" என்றேன்.

ஆபரேட்டர் ஹெட்போனில் நாம் பேசுவது நமக்கே லேசாகத் திரும்பக் கேட்கும். கேட்டேன். மாயாஜாலக் கதைகளோடு சண்டை போட்ட குரல் அல்ல அது. மெதுவாக, பதமாக, நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி இருந்தது.

"பாத்தீகளா" என்றார் உசிலம்பட்டி. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

பிறகு அந்த வாரம் முழுவதும் பேசினோம். காற்றைக் கீழே தள்ளாமல் ஒருவன் பறக்க முடியாது, சந்தைக்கு மேலே பறந்தால் கடைக் கூரையெல்லாம் பிய்த்துக்கொண்டு போகும் என்று நான் விளக்கினேன். அவர் சிரித்தார். என் குரலைப் பழையபடி ஆக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேண்டுமென்றே ஆத்திரப்பட்டேன். வேண்டுமென்றே எடுத்தெறிந்து பேசினேன். அவர் அதையும் கேட்டிருப்பார். அவர் காதிலிருந்து எதையும் மறைக்க முடியாது.

கடைசி நாள் சாயங்காலம் என் பணி முடியும் நேரம் அவர் கூப்பிட்டார். நான் ஏதேதோ சொல்ல வைத்திருந்தேன். முகவரி கேட்க வேண்டும், பெயர் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்திருந்தேன்.

"மதுரை, கேக்குதா?"

"கேக்குது உசிலம்பட்டி."

அந்த ஒரு தடவை என் குரல் சரியாக வந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எதையும் பேசிக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, கீயை மூடிவிட்டார். நான் பெயர் கேட்கவில்லை.

திங்கட்கிழமை போர்டில் அந்த லைனுக்குரிய துளையை அடைத்து மரச் சக்கை அடித்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போர்டு அமைதியான நேரத்தில் சக்கையைப் பிடுங்கி, இணைப்புக் கயிற்றைச் செருகி, "கேக்குதா?" என்றேன். பதில் வராது என்று முழுசாகத் தெரியும். வரவில்லை. எதிர்பார்த்ததுதான், கணக்குப்படி அதில் செய்தி எதுவும் இல்லை. கதையில்தான் கிளியின் சத்தம் நின்றதும் மந்திரவாதி செத்துவிழுகிறான். நான் சக்கையைத் திரும்ப அடித்துவிட்டு, அடுத்து வந்த விருதுநகர் அழைப்பை இணைத்துக் கொடுத்தேன்.